சமூகம் மதிக்காதபோது கலைஞர்கள் ஏன் தொடர்ந்து படைக்க வேண்டும்?

கேள்வியில் உள்ள 'வேண்டும்' கொஞ்சம் உறுத்துகிறது. யாருக்கும் அப்படிக் கட்டாயம் கிடையாது. நானே இரண்டு வருடம் பேனாவைத் தொடாமல் இருந்தவன்தான்.

பகலில் வேறு வேலை, மாலையில் கோட்டோவியம் வரைவேன். ஒரு நிகழ்ச்சிக்காக மாதம் முழுக்க உட்கார்ந்து பத்துப் படங்கள் வரைந்து கொடுத்தேன். பணம் கேட்டபோது, "உங்களுக்கு இது பொழுதுபோக்குதானே?" என்றார்கள். மைக் செட் வைத்தவருக்கும் நாற்காலி இறக்கியவருக்கும் அன்றைக்கே பணம் கொடுத்தாயிற்று. போதும்டா சாமி என்று நிறுத்திவிட்டேன்.

முதல் சில மாதம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் மெல்ல ஒன்று புரிந்தது. வரைந்துகொண்டிருந்த காலத்தில், பேருந்தில் எதிரே நிற்பவர் கம்பியைப் பிடித்திருக்கும் விதம், நகம் கடிப்பவரின் மணிக்கட்டு மடிப்பு எல்லாம் தானாகக் கண்ணில் படும். நிறுத்திய பிறகு பேருந்தில் வெறும் கூட்டம் மட்டுமே இருந்தது. எனக்குப் பணம் தராதவர்களுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. அவர்கள் மேல் இருந்த கோபத்தில் நான் என் கண்ணைத்தான் கட்டிக்கொண்டேன். திரும்ப வரைய உட்கார்ந்த முதல் நாள் ஒரு கை வரைந்து பார்த்தேன். கட்டைவிரல் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து முளைத்திருந்தது. பழைய நிலைக்கு வர நான்கு மாதம் பிடித்தது.

இந்தக் கேள்வி வந்தாலே டச்சு ஓவியர் வான்கோவை இழுத்து வருவார்கள்: அன்று யாரும் மதிக்கவில்லை, இன்று உலகமே கொண்டாடுகிறது என்று. செத்த பிறகு வரும் பேரை வைத்து நான் என்ன செய்ய? அந்தப் பேரும் தானாக வந்துவிடவில்லை. 1890 ஜூலையில் அவர் இறந்தார், ஆறே மாதத்தில் தம்பி தியோவும் போனார். குவிந்து கிடந்த படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பி, 1914இல் கடிதங்களையும் பதிப்பித்து ஊரறியச் செய்தவர், கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி ஜோஹன்னா. அப்படி ஒருவர் வாய்க்காமல் போனவர்கள் எத்தனை பேரோ.

வான்கோவின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு சம்பவம். 1890 ஜனவரியில் அல்பேர் ஓரியே என்ற இளம் விமர்சகர் அவரைப் புகழ்ந்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். பத்து வருட உழைப்புக்குப் பிறகு கிடைத்த அங்கீகாரம்! வான்கோ நன்றி சொல்லி எழுதிய பதிலில், இந்தப் பாராட்டு சக ஓவியர் கோகன் போன்றவர்களுக்குத்தான் சேர வேண்டும் என்கிறார். சில மாதம் கழித்துத் தம்பிக்கு எழுதும்போது, இனி என்னைப் பற்றி எழுத வேண்டாம் என்று ஓரியேயிடம் சொல் என்கிறார். வரையும்போது மனம் துயரத்தை மறக்கிறது, அதைப் பற்றிய பேச்சு காதில் விழுந்தால்தான் வேதனை என்பது அவர் சொன்ன காரணம். அதன்பின் பாரிஸ் அருகே ஓவேர் என்ற ஊரில் கழித்த சுமார் 70 நாட்களில் 70க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். (அவர் நோயோடு போராடியவர், அவர் மரணத்தை யாரும் தியாகமாக்க வேண்டாம்.) அங்கீகாரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கடிதம் ஒரு குட்டு.

அதற்காக, காசே முக்கியமில்லை, கலைதான் பெரிது என்று பேசுபவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். அப்படிப் பேசுபவர்கள் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள். நான் நிறுத்தியிருக்க வேண்டியது வரைவதை இல்லை, ஓசியில் கொடுப்பதை. இப்போது யார் படம் கேட்டாலும் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் பென்சிலைச் சீவுகிறேன். அதைச் சொன்னதும் மூன்று பேர் காணாமல் போனார்கள், நான்காமவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அவர் கேட்டது குடும்பப் படம். ஆறு பேர், பன்னிரண்டு கைகள். நேற்று இரவு வரை எட்டு முடிந்திருக்கிறது.