முதலில் நீங்கள் தவறாக விளையாடிப் பாருங்கள்

கேள்வி: பேரனுக்கு ஒன்றரை வயது. ஒரு வயதுக் குழந்தைகளுக்கான கல்வி விளையாட்டு என்று மகன் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறான். நல்லதா? (அல்சூர் வாசகி)

பதில்: எடுத்துவிடுங்கள் அம்மா. இந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வரை. குறைந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நல்ல கல்வி விளையாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லவும். (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

பதில்: யாருக்கு? மூன்று வயதுப் பையனுக்கா, ஏழு வயதுப் பெண்ணுக்கா? ஒவ்வொரு முறையும் இதையே கேட்க வேண்டியிருக்கிறது. வயது, வீட்டு மொழி, பள்ளி மொழி, வீட்டில் இருப்பது கணினியா கைபேசியா என்ற நான்கையும் எழுதாத கடிதத்துக்கு இனி பதில் இல்லை.

கேள்வி: செயலியில் 3+ என்று போட்டிருக்கிறது. என் மூன்று வயது மகளுக்குப் பொருந்தும்தானே? (இந்திராநகர் வாசகி)

பதில்: அந்த எண்ணுக்கும் கல்விக்கும் தொடர்பில்லை. வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை போன்றவை இல்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். கால்குலேட்டருக்கும் அதே 3+ கிடைக்கும். பொருந்துமா என்று தெரிய ஒரே வழி, குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் கால் மணி நேரம் விளையாடுவது. அதுவும் வேண்டுமென்றே தவறான விடைகளாகக் கொடுங்கள். திரையைக் கண்டபடி தட்டினாலே அடுத்த நிலைக்குப் போகிறதா? தவறு என்று ஒலி மட்டும் எழுப்புகிறதா, ஏன் தவறு என்றும் காட்டுகிறதா? சரியான விடைக்கு வரும் காட்சியைவிடத் தவறான விடைக்கு வருவது வேடிக்கையாக இருந்தால், குழந்தை அதைத்தான் திரும்பத் திரும்பத் தேடும்.

கேள்வி: ஐந்து வயது மகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். வீட்டில் தமிழ். ஒரு செயலியில் 247 எழுத்துகளையும் சரியாகத் தொடுகிறாள், நட்சத்திரங்கள் குவிகின்றன. ஆனால் ‘மாடு’ என்று எழுதிக் காட்டினால் படிக்கத் தெரியவில்லை. (லிங்கராஜபுரம் வாசகர்)

பதில்: உங்கள் மகள் மீது குறையே இல்லை. தமிழ் எழுத்துச் செயலிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. ஒலியைக் கேட்டு நான்கு படங்களில் ஒன்றைத் தொடுவது வாசிப்பு ஆகாது. குருட்டாம்போக்கில் தொட்டாலும் நான்கில் ஒரு முறை சரியாகிவிடும். 216 உயிர்மெய்களையும் தனித்தனி உருவங்களாக மனப்பாடம் செய்ய வைப்பது கொடுமை. ‘ம’வின் பக்கத்தில் துணைக்காலை இழுத்து வைத்தால் ‘மா’ ஆகிறது என்று குழந்தையின் விரலே கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்ய விடாத செயலி எனக்கு வேண்டாம்.

பெங்களூருக் குழந்தைக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. கன்னடத்தில் உயிர்க்குறி எழுத்துக்கு முன்னால் வருவதில்லை. நம் ‘கெ, கே, கை’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ‘கொ, கோ’வில் இரு பக்கமும் அணைக்கிறது. கன்னடம் படித்துப் பழகிய கண் அங்கே தடுமாறும். அடுத்தது ஒலி. பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ ஒன்றுதான், ஒலி வேறு வேறு. முதல் இரண்டுக்கும் கன்னடத்தில் தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. ‘க’ என்று ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் செயலி இதைத் தொடுவதே இல்லை. போதாக்குறைக்கு இயந்திரக் குரல்! ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றுபோல ஒலித்தால் அந்தச் செயலியை அன்றே நீக்கிவிடுங்கள். பேச்சில் அதைக் கேட்டுத் திருத்த அண்டை வீட்டில் தமிழர் இருப்பார் என்று சொல்ல முடியாத நகரம் இது.

இப்போதைக்கு நட்சத்திரங்களை மறந்துவிட்டு, அட்டையில் எழுத்துகளும் குறிகளும் வெட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். படம், கடல், மாமா என்று செயலியில் வராத சொற்களைப் படிக்க வைத்துப் பாருங்கள். அதுதான் சோதனை.

கேள்வி: மூளைத்திறனை வளர்க்கும் என்று ஒரு செயலி ஆண்டுச் சந்தா கேட்கிறது. கட்டலாமா? (ஃப்ரேசர் டவுன் வாசகி)

பதில்: வேண்டாம். ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்தது என்ற வழக்கில், லுமோசிட்டி விளையாட்டுகளை நடத்தும் நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கேள்வி: இலவச விளையாட்டுதான். ஆனால் மகன் எதையோ தொட்டுத் தொள்ளாயிரம் ரூபாய் போய்விட்டது. (மர்ஃபி டவுன் வாசகர்)

பதில்: ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றுங்கள், இன்றே. விளம்பரத்தையும் விளையாட்டையும் பிரித்தறியும் வயதல்ல அது. இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் ஓடும் விளையாட்டுகளைத்தான் சின்னக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டும். முன்பே சொன்னதுதான்: முதலில் நீங்கள் விளையாடிப் பாருங்கள்.

கேள்வி: மாலை நேரப் பாடசாலைக்குப் பழைய கணினிகள் ஆறு கிடைத்திருக்கின்றன. இணையம் இல்லை, பணமும் இல்லை. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள். (ஸ்ரீராமபுரம் வாசகி)

பதில்: வயதையும் கணினியையும் எழுதிவிட்டீர்கள், நன்றி. ஜிகாம்ப்ரி (GCompris) போடுங்கள். 2000-ல் பிரான்சில் தொடங்கிய கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், பகிரலாம். இரண்டு முதல் பத்து வயது வரைக்குமான நூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகள் உண்டு. வரைவதற்கு டக்ஸ் பெயின்ட் (Tux Paint), அதுவும் இலவசம். இரண்டையும் வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம். அத்தனை பயிற்சிகளையும் ஒரே நாளில் திறந்து விடாதீர்கள். முதல் வாரம் மவுஸ் பழக்குபவை மட்டும். ஒரு கணினிக்கு இருவராக உட்கார வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மவுஸ் கை மாற வேண்டும். இல்லாவிட்டால் வேகமான பிள்ளையே ஆடிக்கொண்டிருக்கும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும்.