777777 எண் போட்ட தங்கக் கட்டிக்கு 12 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சில வருடங்களாகச் சிறிய தங்கக் கட்டிகளை வாங்கிச் சேர்த்து வருகிறேன். எல்லாமே சான்று அட்டைக்குள் சீல் வைத்து வரும் 10 கிராம், 1 அவுன்ஸ் கட்டிகள். வழக்கமாக நான் வாங்கும் டீலரிடம் 777777 என்ற சீரியல் நம்பரோடு 1 அவுன்ஸ் கட்டி ஒன்று வந்திருக்கிறது. சாதாரணக் கட்டியைவிட 12 சதவீதம் அதிகம் கேட்கிறார். "இந்த மாதிரி நம்பர் மறுபடி கிடைக்காது, பின்னால் நல்ல விலைக்குப் போகும்" என்கிறார். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலீடு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஆசைக்காக என்றால் அதற்கு வேறு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் விற்கும்போது என்ன ஆகும் என்று பார்ப்போம். கட்டியில் இருக்கும் தங்கத்தின் சந்தை மதிப்பு 100 என்று வையுங்கள். சாதாரணக் கட்டியை 103-க்கு வாங்குகிறீர்கள், டீலர் திருப்பி எடுக்கும்போது தங்க மதிப்பில் 98 சதவீதம் தருகிறார் என்று கொள்வோம். தங்கம் 5 சதவீதம் ஏறினாலே ஏறக்குறைய உங்கள் முதல் வந்துவிடும். 777777 கட்டிக்கு நீங்கள் கொடுப்பது 115-க்கும் மேல். அதையும் எடை பார்த்து அதே 98 சதவீதத்துக்குத்தான் எடுப்பார்கள் என்றால், தங்கம் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட பணம் கைக்கு வரும். இடையில் இருக்கும் அந்த 13 சதவீதத்தை உலோகம் உங்களுக்குத் தராது. அந்த எண்ணை விரும்பும் இன்னொருவர்தான் தர வேண்டும். அவரைத் தேடிப் பிடிக்கும் வேலை டீலருடையது அல்ல, உங்களுடையது.

கட்டிகளில் எண் பொறிப்பதே அடையாளத்துக்காகத்தான். லண்டன் சந்தையில் கைமாறும் பெரிய கட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 400 அவுன்ஸ், அதாவது 12 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் எடையும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதால் தயாரித்த ஆலையின் முத்திரை, தூய்மை, ஆண்டு, சீரியல் நம்பர் எல்லாம் பொறித்திருக்க வேண்டும். எந்தக் கட்டி எவ்வளவு எடை என்று பட்டியலோடு ஒத்துப் பார்க்க அந்த எண் உதவுகிறது. உங்களிடம் உள்ள சிறிய கட்டிகளிலும் அதே வேலைதான்: கட்டியில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தங்கத்தின் தரத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. என்றாவது உருக்கப் போனால் தங்கம் அப்படியே இருக்கும், எண் போய்விடும்.

சரி, அபூர்வம் என்கிறாரே, அது உண்மையா? ஆறு இலக்க வரிசை ஒன்றில் ஒரே இலக்கமாக வரும் எண்கள் 9 மட்டுமே, 111111 முதல் 999999 வரை. பத்து லட்சத்தில் ஒன்பது என்பது அபூர்வம்தான். ஆனால் அது ஒரு வரிசையில். பல ஆலைகள் எண்ணுக்கு முன்னால் எழுத்து சேர்த்துப் புதுப்புது வரிசைகளைத் தொடங்குகின்றன. ஒவ்வோர் ஆலைக்கும் தனி வரிசை. ஆகவே உலகத்தில் 777777 ஒன்றே ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

மற்ற 'ஃபேன்சி' எண்களோ அந்த அளவுக்குக்கூட அபூர்வம் இல்லை. முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் 482284 போன்றவை ஆயிரத்துக்கு ஒன்று வரும். பிறந்தநாள் எண்ணுக்கு வாருங்கள். நாள், மாதம், ஆண்டுக்கு இரண்டிரண்டு இலக்கம் என்று எழுதினால் நூறு வருடத்துக்கு 36,525 தேதிகள். அப்படியானால் சுமார் 27 கட்டிகளில் ஒன்று யாரோ ஒருவருடைய பிறந்தநாள்! உங்கள் தேதி உங்களுக்கு விசேஷம், மறுக்கவில்லை. ஆனால் விற்கும்போது அதே தேதிக்காரர் எதிரில் வந்து நிற்க வேண்டுமே.

ரூபாய் நோட்டு, டாலர் நோட்டு சேகரிப்பவர்களிடையே இந்த மாதிரி எண்களுக்கு நல்ல கிராக்கி உண்டு, அதைக் காட்டித்தான் கட்டி வியாபாரிகளும் பேசுகிறார்கள். நோட்டு சேகரிப்பவர் எண்ணைப் பார்த்தே வாங்குகிறார். கட்டி வாங்க வருபவர் பெரும்பாலும் தராசையும் தூய்மைச் சோதனையையும்தான் பார்க்கிறார்.

எண் பொறித்த கட்டிகள் பெரும் விலைக்குப் போனதே இல்லையா என்றால், போயிருக்கின்றன. 1857-ல் புயலில் மூழ்கிய எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா கப்பலிலிருந்து மீட்ட கட்டிகள் அப்படிப்பட்டவை. கலிபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் தங்கத்தின் தூய்மையைச் சோதித்துச் சான்றளித்தவர்கள் எண், எடை, தூய்மை, டாலர் மதிப்பு எல்லாம் பொறித்தவை. அவற்றில் சுமார் 29 கிலோ எடையுள்ள ஒன்று 2001-ல் 80 லட்சம் டாலருக்கு விற்றது. அந்த விலை கிடைத்தது வரலாற்றுக்கு, எண்ணின் அழகுக்கு அல்ல.

ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உற்பத்தியை நிறுத்திவிட்ட பழைய ஆலைகளின் வெள்ளிக் கட்டிகள், மொத்தம் இத்தனைதான் என்று அறிவித்து வெளியிட்ட தொகுப்புகள் இவற்றில் முதல் சில எண்களைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கும் சாதாரணக் கட்டிக்கு இது பொருந்தாது.

உங்கள் டீலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறு மாதம் கழித்து நான் கொண்டுவந்தால் இந்த 12 சதவீதத்தில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? எழுதித் தர முடியுமா?" சேகரிப்பு மதிப்பு இருப்பதாக அவரே நம்பினால் பாதியாவது ஒப்புக்கொள்வார். மழுப்பினால் அதிலேயே விடை இருக்கிறது. அப்புறம், ஏலங்களில் இதே மாதிரிக் கட்டிகள் உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தன என்று பாருங்கள். விற்காமல் பட்டியலில் கிடக்கும் கேட்பு விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு கேட்கவில்லை என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் தங்கத்துக்கான விலையை முதலீட்டுக் கணக்கிலும், அதிகப்படியான 12 சதவீதத்தைப் பொழுதுபோக்குச் செலவிலும் எழுதுங்கள். அந்தச் செலவு திரும்பி வராவிட்டாலும் வருத்தமில்லை என்ற அளவுக்குள் இருக்கட்டும். சேமிப்புக்காக ஒதுக்கிய பணத்திலிருந்து எடுக்கவே கூடாது. பேரம் பேசவும் தயங்காதீர்கள், டீலருக்கு அந்த எண் கூடுதல் செலவில்லாமல் வந்தது.

வாங்கினால் அட்டையைப் பிரிக்காதீர்கள். அட்டை, பில், படம் மூன்றையும் கட்டி இருக்கும் இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அட்டை கட்டியோடுதான் இருக்க வேண்டும், பில்லும் படமும் மட்டும் வேறிடத்தில் இருக்கட்டும். காப்பீடு எடுத்திருந்தால் உலோக மதிப்பை மட்டும் தருவார்களா, கூடுதல் விலையையும் சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண் தெரியும்படி படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டவும் வேண்டாம். போலி முத்திரை போடுபவர்களுக்கு வேண்டியது உண்மையான எண்தான். பெரிய வங்கி ஒன்றின் பெட்டகத்தில் ஒரே எண் பொறித்த இரண்டு ஒரு கிலோ கட்டிகள் சிக்கியதாக 2019-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அப்படிப் புழங்கிய போலிகளில் தங்கம் நல்ல தங்கம்தான், முத்திரைதான் பொய். எண்ணுக்காகவே கூடுதல் விலை கொடுக்கும் உங்களுக்கு அந்த வகைப் போலியில்தான் நஷ்டம் அதிகம். எனவே பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் சரிபார்ப்பு வசதியில் நீங்களே போட்டுப் பாருங்கள்.