ஓவியப் பட்டப்படிப்பு: கேள்வி பதில்

கேள்வி: பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. கல்லூரிக்கு 15 முதல் 20 படங்கள் அனுப்பவேண்டும். என்னிடம் இருப்பவை போட்டோ பார்த்து வரைந்த முகங்கள்தான். போதுமா சார்?

பதில்: போதாது தம்பி. போட்டோவில் கேமரா உருவத்தை ஏற்கெனவே தட்டையாக்கிவிட்டது. அதைப் பார்த்து வரைவது நகலெடுப்பு. முழு உருவமுள்ள ஒரு பொருளை உன் கண் எப்படித் தாளில் இறக்குகிறது என்பதைத்தான் தேர்வுசெய்பவர்கள் பார்க்கிறார்கள்.

மூன்று மாதம் நேரில் பார்த்து மட்டும் வரை: மடிந்து கிடக்கும் துணி, கண்ணாடித் தம்ளர், நாற்காலி, உன் இடது கை. நாற்காலியில் கால்களை வரையாதே, கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரை. கால் எப்படி இருக்கும் என்று மனது முன்பே முடிவு கட்டிவைத்திருக்கும். வெற்றிடத்தைப் பற்றி அதற்கு எந்த முடிவும் கிடையாது. அதனால் கண் அங்கே ஒழுங்காக அளக்கும். மனித உருவத்துக்கு ஒரு அமர்வில் 1 நிமிடக் கோட்டோவியம் பத்து, 5 நிமிடத்தில் நான்கு, 30 நிமிடத்தில் ஒன்று.

நல்ல படம் 15 இருந்தால் 15 மட்டும் அனுப்பு. எண்ணிக்கைக்காகச் சேர்க்கும் சுமாரான ஐந்து, மற்றவற்றின் மதிப்பையும் குறைத்துவிடும்.

கேள்வி: படங்களைப் போனில் எடுத்தால் ஓரம் வளைகிறது, ஒரு பக்கம் மஞ்சளடிக்கிறது.

பதில்: வளைவுக்குக் காரணம் அகலக் கோண லென்ஸ். இரண்டு மீட்டர் பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். லென்ஸ் படத்தின் நடுமையத்துக்கு நேராக இருக்கட்டும். மஞ்சளுக்குக் காரணம் இருவகை வெளிச்சம் கலப்பது. அறை விளக்கை அணைத்து, ஒரே வகை விளக்குகள் இரண்டை இடமும் வலமும் 45 பாகையில், சம தூரத்தில் வையுங்கள். விளக்கு இல்லையென்றால் மேகமூட்டமான நாளில் வெளியே எடுக்கலாம்.

கேள்வி: எண்ணெய் வண்ணத்தில் செய்த படம் சில மாதங்களிலேயே வெடிப்பு விட்டுவிட்டது. மலிவான வண்ணம்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அடுக்கு வரிசைதான் காரணம். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. எண்ணெய் கூடுதலாக உள்ள அடுக்கு மெதுவாக இறுகும், நெகிழ்ச்சியும் அதற்கு அதிகம். அதை அடியில் வைத்து, டர்பன்டைனில் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) கரைத்த மெல்லிய அடுக்கை மேலே பூசினால் மேல்தோல் முந்தி இறுகிவிடும். அடியிலுள்ளது பிறகும் அசைந்துகொண்டிருப்பதால் மேல்தோல் பிளக்கிறது.

ஆகவே முதல் அடுக்கில் டர்பன்டைன் மட்டும். மேலே போகப்போக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயைக் கூட்டுங்கள். அம்பர் என்ற பழுப்பு வண்ணம் சீக்கிரம் உலரும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு மிகத் தாமதமாக உலரும். அந்தக் கறுப்பை அடியில் கனமாகப் பூசாதீர்கள். தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்தின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பிடிக்காமல் உரியும்.

இன்னொன்று, தயவுசெய்து மறக்காதீர்கள். லின்சீட் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் உலரும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: விமர்சன வகுப்பில் என் படத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: முதல் பத்து நிமிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். "முதலில் கண் எங்கே போனது, எங்கே நின்றது" என்பவை பயனுள்ள தகவல்கள். "எனக்குப் பச்சை பிடிக்காது" என்பது அவரவர் ரசனை. மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ இடறுகிறது. அவர்கள் சொல்லும் திருத்தம் தவறாக இருந்தாலும்கூட இடம் சரியாகவே இருக்கும். அன்று இரவே தூரிகையை எடுக்காதீர்கள்.

கேள்வி: கடைசி ஆண்டு. படங்களுக்கு எப்படி விலை வைப்பது?

பதில்: உயரத்தையும் அகலத்தையும் கூட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு விகிதம் வையுங்கள். 40 × 50 படத்துக்கு 90, 80 × 100 படத்துக்கு 180; விலை இரட்டிக்கும். பரப்பளவில் கணக்கிட்டால் நான்கு மடங்காகிப் பெரிய படம் விற்காமல் நின்றுவிடும். படங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் காலரிகள் பல, விற்ற விலையில் பாதி வரை எடுக்கும். அதற்காக உங்கள் பட்டறைக்கு நேரடியாக வருபவருக்குக் குறைத்துக் கொடுத்தால் காலரி உங்களை நம்பாது. இரண்டு இடத்திலும் ஒரே விலை.

படத்தை ஒப்படைக்கும்போது தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, விலை, காலரியின் பங்கு, விற்றபின் எத்தனை நாளில் பணம், சேதமானால் பொறுப்பு யாருடையது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) போடும் செலவை யார் ஏற்பது என்பதையும் அதிலேயே சேருங்கள். தகராறு அதிகம் வருவது அங்கேதான்.