‘மூன்று தானே?’: பனிச்சரிவு கேள்வி-பதில்

பனியே விழாத வன்னியிலிருந்து, மார்கழி பிறந்தால் இந்தக் கடிதங்கள் வந்துவிடும். பிள்ளைகள் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிறார்கள், வேறென்ன.

மலையில் கத்தினால் பனி சரியுமாமே? (மாணவி, மல்லாவி)

சரியாது. அது படத்தில் மட்டும்தான். சரிப்பது சத்தமல்ல, பனிமேல் ஏறும் ஆளின் பாரம். சிக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிய சரிவில்தான் சிக்குகிறார்கள்.

அடுத்த மாதம் குடும்பமாக மலைக்குப் போகிறோம். ஆபத்து இருக்கிறதா? (வவுனியா)

எந்த நாடு? எந்த மலை? நடந்தா, கேபிள் காரிலா? ஒன்றும் எழுதாமல் ஆபத்தா என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அடுத்த மாதத்துப் பனியை இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. போவதற்கு முதல்நாள் அந்த இடத்துப் பனிச்சரிவு அறிக்கையைப் பாருங்கள்.

மகன் சுவிஸில் நண்பர்களோடு ஸ்நோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலப் பாதணி) போட்டு மலை ஏறுகிறான். “இன்றைக்கு மூன்றாம் நிலைதான் அப்பா, நடுத்தரம்” என்கிறான். நம்பலாமா? (தகப்பனார், புதுக்குடியிருப்பு)

நம்பாதீர்கள் ஐயா. இந்த ‘நடுத்தரம்’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்தைக் காட்டும் 1 முதல் 5 வரையான நிலைகள் சம உயரப் படிகள் அல்ல. ஒரு நிலை கூடினால் ஆபத்து மடங்குக் கணக்கில் கூடுகிறது. சுவிஸில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 3ஆம் நிலை நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 என்றால் சனம் பயந்து வீட்டில் நின்றுவிடும். 3 அன்று வெயிலும் எறிக்கும், புதுப்பனியும் கிடக்கும், போய்விடுகிறார்கள்.

அன்றைக்கு ஒரே ஆளின் பாரம் போதும். அடியில் ஒன்றோடொன்று ஒட்டாத மணிமணியான பனிப்படை, அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய படை. சாய்ந்த தகரத்தில் பயறைப் பரப்பி, மேலே கதவுப் பலகையை வைத்தது போலத்தான். 30 பாகைக்கு மேல் சாய்வு இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். “நான் கீழே சமதரையில்தானே நடக்கிறேன்” என்பான். அடிவாரத்தில் வைக்கும் காலடியே மேலே நிற்கும் சரிவை உடைத்துவிடக்கூடும். காலடியில் ‘வும்’ என்று ஒரு சத்தம் கேட்டு, பனி விரற்கடை அளவு தாழ்ந்து, ஸ்நோஷூ நுனியிலிருந்து வெடிப்பு ஓடினால், உள்ளே படை உடைந்துவிட்டது என்று அர்த்தம். வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். முன்னே போனவர்களின் தடம் கிடக்கிறது என்பதும் ஒரு காரணமல்ல. பத்துப் பேரைத் தாங்கிய சரிவு பதினோராவது ஆளோடு இறங்கியிருக்கிறது.

டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு அறிக்கை விடுகிறது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், எந்தத் திசைச் சரிவு, எத்தனை மீற்றருக்கு மேலே என்பதையும் வாசிக்கச் சொல்லுங்கள். 3 என்றால், இளஞ்சிவப்புப் பலகை நட்டுத் திறந்துவைத்திருக்கும் பாதையை விட்டு விலகவே வேண்டாம்.

மகள் கனடாவின் விஸ்லரில் ஸ்கீ பழகப் போகிறாள். பயமாக இருக்கிறது. (தாயார், மாங்குளம்)

கயிறு கட்டிய எல்லைக்குள் என்றால் பயம் மிகக் குறைவு அம்மா. அங்கே ஆட்கள் விடியவே வெடிவைத்து ஆபத்தான பனியைச் சரித்துவிடுகிறார்கள். கயிற்றைத் தாண்டினால் காவல் இல்லை. 30 பாகையும் அறிக்கையும் அங்கே அவள் பொறுப்பு.

பனியில் புதைந்தால், சுவிஸின் வான்மீட்பு எண் 1414க்கு அடித்தால் ஹெலி வருமே, பிறகென்ன? (கிளிநொச்சி)

வரும் தம்பி, ஆனால் பெரும்பாலும் நேரத்துக்கு வராது. 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதைத் தாண்டி அரை மணிக்குள் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவர்தான். ஆகவே எடுக்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர். பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), சவள் (பனி தோண்டும் மண்வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், கூட்டத்துக்கு ஒன்று போதாது. பீக்கன் பையில் அல்ல, ஜாக்கெட்டுக்குள் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். போன் அதிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கட்டும். தேடும்போது 50. காந்த மூடி போட்ட போன் உறையைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.

மருமகன் பிளாஸ்ரிக் சவள் வைத்திருக்கிறார், பாரம் குறைவாம். (முள்ளியவளை)

அலுமினியம் வாங்கச் சொல்லுங்கள். சரிந்து நின்ற பனி சற்று நேரத்தில் கல்லாக இறுகிவிடும். பிளாஸ்ரிக் அதில் முறியும்.