நெஞ்சு வலிக்காத மாரடைப்பு: சர்க்கரை நோயாளிகளின் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் விடியற்காலையில் குப்பென்று வியர்த்து மூச்சு வாங்கியது. லோ சுகர் என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தோம். மறுநாள் ஈசிஜி பார்த்து மாரடைப்பு என்றார்கள். நெஞ்சு வலியே இல்லாமல் எப்படி?

பதில்: நாள்பட்ட சர்க்கரையில் கால் மரத்துப்போய், முள் குத்தினால்கூடத் தெரியாமல் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இதயத்தின் வலியைக் கொண்டுபோகும் நரம்புகளுக்கும் அதே கதிதான். ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை தவிக்கும். வலி மட்டும் வராது. மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், நெஞ்சைக் கரிப்பது, காரணமில்லாத அசதி என்றுதான் தெரியும். பலர் இதை ‘கேஸ்’ என்று சொல்லிச் சோடா குடித்து நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

இனி இப்படி வியர்த்தால் முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை ஏறியும் வியர்வையும் மூச்சுத் திணறலும் அடங்கவில்லை என்றாலோ, முதலிலேயே 70க்கு மேல் இருந்தாலோ, இதயம் என்றே எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். மாடிப்படி ஏற இறங்க விடாதீர்கள், பைக்கில் உட்காரவைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே “சர்க்கரை நோயாளி” என்று சொல்லிவிடுங்கள். முதல் ஈசிஜி நார்மலாக வந்தாலும் மாரடைப்பு இல்லை என்றாகாது. சிறிது நேரம் விட்டு மறுபடி ஈசிஜி எடுத்து, ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

கேள்வி: என் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.8தான். எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 118 என்று, அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றுமாமே, தேவையா?

பதில்: தேவை. சர்க்கரையை மட்டும் விரட்டிப் பிடித்தால் இதயம் தப்பிவிடாது. 2008இல் வெளியான ‘அக்கார்ட்’ ஆய்வில் ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில்தான் இறப்பு கூடியது. சர்க்கரை நோயில் எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்ந்துவிடுவதால், ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். உங்களுக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இருப்பது நல்லது. ஸ்டாட்டின் சர்க்கரையை ஏற்றுவது உண்மைதான், ஆனால் கொஞ்சம்தான். கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பல மடங்கு. தசை வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். ஆரம்பித்த 4 முதல் 12 வாரத்துக்குள் கொலஸ்ட்ராலை மறுபடி பாருங்கள். வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் பார்ப்பதையும் விடாதீர்கள். அது கசிய ஆரம்பித்தாலே இதய ஆபத்து கூடிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: முன்னெச்சரிக்கையாக தினமும் ஆஸ்பிரின் போடலாமா?

பதில்: நீங்களாகப் போடாதீர்கள். இதய நோய் இல்லாத சர்க்கரை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான ‘அசெண்ட்’ ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 12 சதவீதம் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் மட்டும் எக்காரணம் கொண்டும் டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது.