கடைசியில் வருபவரோடு யார் வருவார்?

கேள்வி: எனக்கு வயது 41. மேடவாக்கத்தில் இருக்கிறேன். போன வருடம் கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள், காலையில் 15 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன். தனியாக ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது, நாலு பேரோடு சேர்ந்து போக ஆசை. ஆனால் கிளப், சந்தா, ஜெர்ஸி, நாள் முழுக்க வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் எனக்கு ஒத்துவராது. போட்டியும் வேண்டாம். நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்னைப் போன்ற பெண்களுக்கு ஏற்ற நிகழ்ச்சிகளை எப்படித் தேடுவது?

பதில்: கிளப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். சென்னையில் சைக்கிள் கிளப் என்று நாம் சொல்பவற்றில் பல, சந்தாவும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் சங்கங்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கே கூடுவது என்று பேசிக்கொள்ளும் கூட்டங்கள், அவ்வளவுதான். ‘வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’ போன்ற பெரிய குழு ஏரியா வாரியாகப் பிரிந்து இயங்குகிறது. இப்படிப்பட்ட குழுக்களோடு ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் பேசாமல் வீட்டில் தூங்கலாம். வாட்ஸ்அப்பில் சேரச் சொன்னால் சேர்ந்துவிட்டு, ஒலியை அணைத்து வையுங்கள். சனிக்கிழமை மாலை மட்டும் திறந்து பார்த்தால் போதும். முதல் வாரமே ஜெர்ஸிக்குப் பணம் கேட்கும் குழு என்றால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. போட்டி இல்லாமல் இருப்பது ஒன்று, புதியவருக்குத் தோதாக இருப்பது இன்னொன்று. இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. யாருக்கும் முதலிடம், இரண்டாமிடம் தராத நிகழ்ச்சியில் நீங்கள் நாள் முழுக்கத் தன்னந்தனியாக ஓட்ட வேண்டி வரலாம். ரொக்கப் பரிசு அறிவித்த நிகழ்ச்சியிலேயே, உங்களுக்குப் பின்னால் ஒரு வேன் பொறுமையாக ஊர்ந்து வரலாம். அதனால் பெயரையும் போஸ்டரையும் நம்பாமல், நடத்துபவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியில் வருபவரோடு யார் வருவார்?”

ஒழுங்காக நடத்தும் குழுவில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். கூட்டத்தின் வாலில் ஓட்டுவதற்கென்றே அனுபவமுள்ள ஒருவரை நிறுத்துவார்கள். அவருக்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். பஞ்சர் ஆனாலும் கால் பிடித்துக்கொண்டாலும் அவர் உங்களோடு நிற்பார். ‘நோ டிராப்’ என்று அறிவிக்கும் ரைடில் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்பது விதி. மாறாக, “அதெல்லாம் சமாளிச்சுக்கலாம், வாங்க மேடம்” என்று பதில் வந்தால், நல்லவர்கள்தான், ஆனால் அந்த ரைடு உங்களுக்கல்ல.

வேகத்தையும் எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். “மெதுவாத்தான் போவோம்” என்பதற்கு அர்த்தமே கிடையாது. ரோடு பைக் எனும் பந்தய வகை சைக்கிளில் பல வருடம் ஓட்டியவருக்கு மணிக்கு 25 கிலோமீட்டரே மெதுவு. நீங்கள் ஒரு மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால், 18-ஐத் தாண்டாத கூட்டம் சரியாக இருக்கும். முன்னால் போகிறவர் காற்றைத் தடுத்துக்கொடுப்பதால் கூட்டத்தில் வேகம் தானாகக் கொஞ்சம் கூடும். அதற்காக அவர் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். அவர் ஒரு குழியைப் பார்த்துப் பிரேக் பிடித்தால் நீங்கள் தரையில் இருப்பீர்கள். முதல் சில ரைடுகளில் இரண்டு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள்.

எதில் தொடங்குவது? சைக்கிள் ஓட்டுவதைத் தவிர வேறொரு காரணமும் இருக்கும் ரைடில் தொடங்குங்கள் என்பேன். ‘சைக்கிளிங் யோகிஸ்’ குழு சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பழைய கோயில்கள், கட்டடங்கள் என்று பாரம்பரிய இடங்களைத் தேடிப் போகும் ரைடுகளுக்குப் பெயர் பெற்றது. இந்த மாதிரி ரைடில் அடிக்கடி எங்காவது நின்று பேசுவார்கள். பின்தங்கியவர் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார். டிபன் சாப்பிடப் போகும் ரைடும் இதே வகைதான். இட்லிக்காக 30 கிலோமீட்டர் மிதிப்பதா என்று சிரிப்பவர்கள் அந்த இட்லியைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிடச் சின்னதாக வேண்டுமென்றால் மத்திய விளையாட்டு அமைச்சகம் 2024 டிசம்பரில் தொடங்கிய ‘ஃபிட் இந்தியா சண்டேஸ் ஆன் சைக்கிள்’ இருக்கிறது. தூரம் குறைவு, போட்டி இல்லை. ஐ.நா. 2018-இல் உலக சைக்கிள் தினமாக அறிவித்த ஜூன் 3-ஐ ஒட்டியும் பல ஊர்களில் விழிப்புணர்வு ரைடுகள் நடக்கும். பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பதற்கே பாதி நேரம் போகும் என்றாலும், கூட்டத்துக்கு நடுவே ஓட்டிப் பழக இவை நல்ல இடம். செப்டம்பரில் ‘அண்ணா மிதிவண்டிப் போட்டி’ என்று செய்தி வந்தால் குழம்ப வேண்டாம், அது பள்ளி மாணவர்களுக்கானது.

அடுத்து சைக்ளத்தான், அதாவது மாரத்தான் போலப் பலர் கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் பெரிய சைக்கிள் நிகழ்ச்சி. இங்கே அறிவிப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியில் பரிசுத் தொகையோடு நீண்ட தூரப் பந்தயமும், நேரமே குறிக்காத ‘ஜாய் ரைடு’ அல்லது ‘ஃபன் ரைடு’ பிரிவும் இருக்கும். உங்களுக்கு இரண்டாவது. கட்டணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை: உங்கள் பிரிவுக்குப் போக்குவரத்தை நிறுத்துகிறார்களா, ஆம்புலன்ஸ் உண்டா, எத்தனை மணிக்குச் சாலையைத் திறந்துவிடுகிறார்கள். கடைசி விஷயம்தான் முக்கியம். சாலையைத் திறந்த பிறகு நீங்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், நெஞ்சில் எண் குத்திக்கொண்டு லாரிகளோடு போக வேண்டியதுதான். டி-ஷர்ட்டும் மெடலும் தருவதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதைச் சொல்லாத அறிவிப்புகளை ஒதுக்கிவிடுங்கள்.

இனி, பெயரைக் கேட்டாலே பலரும் ஓடும் ஒன்று. பிரெவே. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு அது. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்ற எண்களைப் பார்த்துவிட்டு இது வீரர்களுக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். போட்டி மனப்பான்மையை இந்த அளவுக்கு விதியாலேயே அடக்கி வைத்த சைக்கிள் நிகழ்ச்சி வேறு இல்லை என்பது என் எண்ணம். பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் உலகெங்கும் விதிகளை வகுக்கிறது, இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா நடத்துகிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 15 கிலோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. சாப்பாடு, பஞ்சர், மர நிழலில் உட்கார்ந்தது எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். வழியில் ‘கண்ட்ரோல்’ எனும் சோதனை இடங்கள் இருக்கும். அவை மூடும் நேரம் மட்டுமல்ல, திறக்கும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். முதல் 200 கிலோமீட்டரில் மணிக்கு 34-ஐத் தாண்டிப் பறந்து வந்தால், கண்ட்ரோல் திறக்கும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும்! முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே அங்கீகாரம்தான்.

இந்த மரபின் தாய் நிகழ்ச்சியான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ், 1891-இல் அசல் பந்தயமாகத்தான் பிறந்தது. 1931 முதல் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கும் அதை நடத்தத் தொடங்கியது. தொழில்முறைப் பந்தயம் 1951-ஓடு நின்றுபோனது, மற்றது இன்றும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. 1,200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம்.

பிரெவேக்கு எந்தக் கிளப்பிலும் சேர வேண்டாம். ஆடாக்ஸ் இந்தியா தளத்தின் நாட்காட்டியில் உங்கள் ஊரைத் தேடி, அந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தால் போதும். ஆனால் நான் மேலே சொன்ன பிரச்சினை இங்கேதான் வருகிறது: போட்டி இல்லை, உங்களைப் பார்த்துக்கொள்ளவும் யாரும் இல்லை. ஸ்வீப் கிடையாது. உங்கள் பஞ்சரை நீங்களே ஒட்ட வேண்டும், வழியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், துணைக்கு வரும் வண்டி கண்ட்ரோலில் மட்டுமே உதவலாம். எனவே இந்த வருடம் வேண்டாம். நிறுத்தி நிறுத்தியாவது ஒரே நாளில் 100 கிலோமீட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகு யோசியுங்கள். 200-க்குக் குறைவான தூரத்துக்கு ‘பாப்புலேர்’ என்று ஒரு வகை உண்டு. அது நாட்காட்டியில் வந்தால் விடாதீர்கள்.

உங்களுக்கு ஈசிஆர் பக்கம்தான். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை போய்விட்டால், அங்கிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்ப 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். மாமல்லபுரம் என்றால் 60. நிகழ்ச்சி எது என்பதோடு எந்த மாதம் என்பதையும் பாருங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை எட்டு மணிக்கு மேல் ஓட்டுவது தண்டனை. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வெயில் சாது, காற்றுதான் குறும்பு. அந்த மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகும்போது முதுகில் தள்ளிவிட, ‘நமக்குக் கால் நன்றாகத் தேறிவிட்டது’ என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான். ஆகையால் திரும்புவதற்குத்தான் தெம்பை மிச்சம் பிடிக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தண்ணீர், ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். ஸ்பேர் டியூப் மட்டும் கட்டாயம் உங்களுடையதாக இருக்கட்டும். சாலையோர பஞ்சர் கடைக்காரர் உங்கள் டியூபை ஒட்டித் தருவார், ஹைபிரிட் அளவில் புது டியூப் அவரிடம் இருப்பது அபூர்வம்.

இருட்டோடு கிளம்ப வேண்டியிருப்பதால், மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கத்திலிருந்து வேறு யார் வருகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு, தொடங்கும் இடம் வரை சேர்ந்து போங்கள். பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பதிலும் தயக்கம் வேண்டாம், நடத்துபவர்களுக்கு அது பழகிய கேள்விதான். முழுத் தூரமும் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “நான் முட்டுக்காட்டோடு திரும்பிவிடுவேன்” என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மட்டும் கழன்றுகொள்ளாதீர்கள். பாவம், ஸ்வீப்பில் வருகிறவர் கோவளம் வரை உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.