அப்பாவின் லேத்தை சிஎன்சி ஆக்கலாமா?

வணக்கம் ஐயா,

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு பட்டறை லேத்தை (கடைசல் மெஷின்) சிஎன்சியாக, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினாக, மாற்றியே தீருவேன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் போகாமல் இரும்பில் பணத்தைக் கொட்டுகிறானே என்பது உங்கள் கவலை. ஆசையைத் தடுக்காதீர்கள். ஆனால் அந்த லேத்தில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

பினாங்கு நிபோங் திபாலில் உங்களிடம் வரும் வேலை எப்படிப்பட்டது? செம்பனை ஆலையில் தேய்ந்த ஷாஃப்ட் ஒன்று, புஷ் இரண்டு, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். அதற்குக் கையால் கடைவதுதான் வேகம். அவன் புரோகிராம் எழுதி, டூல் செட் பண்ணி முடிப்பதற்குள் நீங்கள் சாமானைக் கொடுத்துக் காசும் வாங்கியிருப்பீர்கள். ஒரே சாமானை ஐம்பது, நூறு என்று கடையும்போதுதான் சிஎன்சியில் லாபம். மாற்றும் வேலை மாதக்கணக்கில் இழுத்தால் சோறு போடும் மெஷின் பிரித்துப் போட்டபடி கிடக்கும்.

அதற்குப் பதிலாக, மாற்றிப் பார்க்கப் பழைய சின்ன மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்குவது) ஒன்றைத் தேடட்டும். வாங்குமுன் டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) முனையை டேபிளில் தொடவைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கைப்பிடி திரும்பியும் முள் அசையாமல் இருக்கும் அந்தத் தூரம்தான் பேக்லாஷ். கையால் ஓட்டுகிறவர் அதைப் பழக்கத்தில் சமாளித்துவிடுவார், நீங்கள் நாள்தோறும் செய்வதுதான். கம்ப்யூட்டரிடம் வட்டம் வெட்டச் சொன்னால், திசை மாறும் இடங்களில் தழும்பு விழும். சாஃப்ட்வேரில் சரிக்கட்டலாம் என்று அவன் சொல்வான். ஓரளவுக்குத்தான். கட்டர் இழுக்கிற பக்கம் டேபிள் நழுவ இடமிருந்தால் அந்தக் கணக்கு எடுபடாது. அதனால்தான் டேபிளை நகர்த்தும் பழைய ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, உள்ளே குண்டுகள் உருள்வதால் ஆட்டம் மிகக் குறைந்த பால் ஸ்க்ரூ போடுகிறார்கள். மோட்டாருக்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். டேபிள் வழுக்கி நகரும் ஸ்லைடே தேய்ந்திருந்தால் அந்த மெஷின் வேண்டாம். எந்த மோட்டாரும் தேய்மானத்தைத் தீர்க்காது.

அவனிடம் ஒரு கணக்குக் கேட்டுப் பாருங்கள். படிப்படியாகச் சுற்றும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) பால் ஸ்க்ரூவில் நேராக மாட்டினால் ஒரு ஸ்டெப்புக்கு டேபிள் 0.025 மி.மீ. நகரும். மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டில் ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரித்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ் (மின்துடிப்பு). பேப்பரில் போட்டு இதை விளக்கினான் என்றால் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். மெஷினை ஓட்டுவதற்கு லினக்ஸ்சிஎன்சி என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அவசர பட்டன் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வதோடு நிற்கக் கூடாது, மோட்டாருக்குப் போகும் கரண்டையே வெட்ட வேண்டும். வயரிங்கை லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் பார்க்கட்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கிறுக்குத்தனம் என்றும் நினைக்க வேண்டாம். 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் செய்து காட்டிய முதல் எண்முறைக் கட்டுப்பாட்டு மெஷினே (சிஎன்சியின் முன்னோடி), ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி கம்பெனி மில்லிங் மெஷினை மாற்றியமைத்ததுதான்!

சரி, படிப்பு. வீட்டில் செய்த மெஷினை மட்டும் காட்டி பத்து காவான், பிறை ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகளில் நுழைவது கஷ்டம். அங்கே ஃபானுக், சீமென்ஸ் கம்பெனிகளின் கன்ட்ரோலர்கள் (சிஎன்சி மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்கள்) ஓடும். முதலில் சான்றிதழைத்தான் கேட்பார்கள். எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை வரை முடிக்கட்டும். அப்புறம் நான்காம் நிலையில் டிகேஎம் (டிப்ளோமா), ஐந்தில் டிஎல்கேஎம் (உயர்நிலை டிப்ளோமா) என்று ஏறலாம். உங்கள் ஊரிலேயே ஆறுமுகம் பிள்ளை பெயரில் ஐஎல்பி (அரசுத் தொழிற்பயிற்சிக் கழகம்) இருக்கிறதே, முதலில் அங்கே போய் விசாரியுங்கள். மெஷினிங் பிரிவு இருக்கிறதா, சாதா லேத்தில் எவ்வளவு நேரம் பழக்குகிறார்கள், சிஎன்சியில் எந்தக் கன்ட்ரோலர் என்று கேளுங்கள். தனியார் மையம் என்றால் அந்தக் கோர்ஸுக்கு ஜேபிகே (அரசின் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் ஒரு ரிங்கிட்கூடக் கட்டாதீர்கள். பிடிபிகே (திறன் மேம்பாட்டு நிதிக் கழகம்) கடன் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

மில்லிங் மெஷின் வேலை வார இறுதியில் நடக்கட்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த டயல் கேஜ் ரீடிங், வயரிங் படம், எரிந்துபோன டிரைவர் ஏன் எரிந்தது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் வேலைக்கு நேர்முகத் தேர்வு வரும்போது, சான்றிதழோடு அந்த நோட்டையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அதே சான்றிதழோடு வருகிற மற்றவர்களிடம் அது இருக்காது.